மார்லேன் தேர்ந்தெடுத்த டிராக்டர்

பனி அள்ளும் வேலைக்கு எந்த டிராக்டர் வாங்குவது என்று கிளெமான் சவார் அதுவரை யாரிடமும் யோசனை கேட்டதில்லை. தானே போவார், தானே பார்ப்பார், கடையில் நிற்பதிலேயே பெரியது எதுவோ அதை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். சிக்கூத்திமி ஊரில் அவருடைய மூன்று டிராக்டர்களையும் தெரியாதவர்கள் இல்லை. ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை.

அவருடைய பனி அள்ளும் ஒப்பந்தத்தில் மேட்டுத் தெருக்களின் வாசல்களைத் துப்புரவாக்குவது ஓட்டுநர் மார்லேன் மால்தேயின் வேலை. ஆற்றங்கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் தெருக்கள் அவை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் கார் ஒன்று நுழையும் அளவுக்குத்தான் வாசல்பாதை இருக்கும். அதற்குள் டிராக்டரைப் பின்னுக்கு ஓட்டி, வீட்டுக் கதவு வரை போய், பின்னால் மாட்டியிருக்கும் பனிவீசியைத் தரையில் இறக்கி, பிறகு முன்னுக்கு ஓட்டி வரவேண்டும். பனிவீசி பனியை வாரி விழுங்கிக் குழாய் வழியாக முற்றத்தில் துப்பிக்கொண்டே வரும். அடுத்த வாசல். மறுபடி பின்னுக்கு. குளிர்காலம் முழுக்க அவளுடைய வாழ்க்கையில் பாதி பின்னால் பார்த்தே கழிந்தது. அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கழுத்து வலப்பக்கம் முழுசாகத் திரும்பாது. டாக்டர் கேட்டதற்கு, "இது என் தொழில் முத்திரை" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவள் கிளெமானின் பட்டறைக்குள் வந்தாள். அவர் பழைய டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். பல வருஷப் பழக்கத்தில் முதலாளி, தொழிலாளி என்பதெல்லாம் போய் இருவருக்கும் இடையே நீ, வா, போ என்றாகியிருந்தது.

"நோர்மான் ஃபிலியோன் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான்," என்றாள்.

அடியிலிருந்து ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. ஃபிலியோன் அதே ஊரில் இன்னொரு பனி அள்ளும் ஒப்பந்தக்காரர். அவருக்கும் கிளெமானுக்கும் ஒரே தெருவில் எதிரெதிரே நின்றால்கூட ஆகாது.

"போறியா?"

"போயிடலாம்னுதான் நெனச்சேன். மேட்டுத் தெருவை விட்டுட்டுப் போக மனசு வரல. இருக்கேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சம்பளம்தான?"

"இல்ல. இந்தக் கிழத்தை வித்துட்டுப் புதுசு வாங்கப் போறேல்ல? அதை நான்தான் பாத்துச் சொல்லுவேன்."

கிளெமான் வெளியே நகர்ந்து வந்தார். முகமெல்லாம் எண்ணெய். "டிராக்டர் வாங்கறது என்ன தொப்பி வாங்கற மாதிரின்னு நெனச்சியா?"

"தொப்பின்னாலும் போட்டுக்கறவதான தலையில வச்சுப் பாக்கணும்? உன் தலைக்கு வாங்கி என் தலையில கவுத்துடறியே ஒவ்வொரு தடவையும்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய குளிர்காலத்தில் ஒரு வாசலில் பனிவீசியின் குழாயிலிருந்து திடீரென்று சிவப்பாக ஏதோ தெறித்து வெள்ளை முற்றமெங்கும் விழுந்தது. அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பனியில் மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக். யாரோ குழந்தை விட்டுப்போன சறுக்குவண்டி, பனிக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. வண்டி மட்டும்தான். அதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகும் கைகளால் தோண்டித் தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளெமானிடம் சொன்னபோது அவர், "அவங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்," என்றார். நல்ல மனுஷன். வாங்கியும் கொடுத்தார். ஆனால் விஷயம் அதுவல்ல. அந்தச் சறுக்குவண்டி கிடந்த இடம் டிராக்டரின் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் இருந்தது. ஆசனத்திலிருந்து எப்படித் திரும்பினாலும், சக்கரத்தின் மேலிருக்கும் மட்கார்டு அந்த இடத்தை மறைத்துவிடும். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு வாசலிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பின்னுக்குப் போனாள்.

"சரி, நீயே பாரு," என்றார் கிளெமான். "ஆனா நான் கூட வருவேன்."

டிராக்டர் கடையில் எத்தியேன் என்ற இளைஞன் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரையும் பார்த்ததும் நேரே கிளெமானிடம் போய்க் கைகொடுத்தான். "உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்," என்று சொல்லி முற்றத்தின் நடுவில் நின்ற பெரிய டிராக்டரிடம் அழைத்துப் போனான். சக்கரம் மட்டுமே மார்லேனின் தலையைவிட உயரம். கிளெமான் அதன் மூக்கை, நல்ல குதிரையைத் தடவுவது போல, உள்ளங்கையால் தடவினார்.

"எஞ்சின் பவரைக் கேட்டா அசந்துடுவீங்க," என்றான் எத்தியேன் கிளெமானிடம்.

"உக்காந்து பாக்கணும்," என்றாள் மார்லேன்.

"தாராளமா. சார், ஏறுங்க."

"சார் ஏற மாட்டார். நான்தான்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். முன்பக்கத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்ததும் உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். எத்தியேன் கிளெமானிடம் மெல்ல, "அவங்களுக்கு உடம்பு ஏதாவது...?" என்று கேட்டான்.

"கிளெமான்," என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள். "வலது சக்கரத்துக்குப் பின்னால போய் உக்காரு."

"என்னது?"

"குந்து. குழந்தை மாதிரி."

கிளெமான் ஆறடி ஆள், தொப்பை வேறு. முழங்கால் இரண்டும் நெட்டி முறிக்கச் சரளைக் கற்களில் குந்தினார். கடைக்கு வந்திருந்த விவசாயிகள் இரண்டு பேர் காப்பிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

"தெரியல. கையைத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"தெரியல. எழுந்து நில்லு."

அவர் எழுந்து நின்றார். "இப்ப?"

"தொப்பியோட முனை மட்டும் தெரியுது," என்றாள். "நீயே தெரியலைன்னா வேற யாரு தெரிவா?"

விவசாயிகளில் ஒருவர் காப்பியைத் துப்பிவிட்டார். கிளெமானின் முகம் சிவந்தது.

அன்று அவள் கடையிலிருந்த எல்லா டிராக்டர்களிலும் ஏறினாள். ஒவ்வொன்றிலும் கிளெமான் குந்தினார். இடது கையால் தள்ளும் முன்-பின் லீவரை அவள் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தாள். ஒரே புயலில் அதை நூற்றுக்கணக்கான தடவை தள்ள வேண்டியிருக்கும், கொஞ்சம் முரண்டினாலும் விடியும்போது தோள்பட்டை செத்துவிடும். பனி படியாமலிருக்கச் சூடான காற்று பின்கண்ணாடிக்கு வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். கனத்த பூட்ஸோடு ஏறி இறங்கிப் பார்த்தாள். எத்தியேன் முதலில் கிளெமானைப் பார்த்துக் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தான். போகப்போக அவனே ஓடிப் போய்க் கதவுகளைத் திறந்துவிட ஆரம்பித்தான்.

கடைசியில், பின்வரிசையில் சுவரோரமாக நின்ற ஒரு டிராக்டர். செம்மண் நிறம், நடுத்தர உயரம், கட்டையான மூக்கு. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேபினின் பின்பக்கம் கூரையிலிருந்து தரைப்பலகை வரை கண்ணாடி. மட்கார்டு தாழ்ந்து சரிந்திருந்தது. ஆசனம் பக்கவாட்டில் சுழலும்.

வியர்வையில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிளெமான் மறுபடி பின்னால் குந்தினார். மார்லேன் ஏறித் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய தோள்கள் தாமாகவே தளர்ந்தன.

"கிளெமான்," என்றாள். "உனக்கு உச்சியில வழுக்கை விழுந்துடுச்சுன்னு யாரும் சொல்லலையா?"

கிளெமானுக்கு அந்த டிராக்டர் பிடிக்கவே இல்லை. "இதைக் கொண்டுபோய் ரோட்டுல நிறுத்தினா ஊர் சிரிக்கும்," என்றார். ஓட்டிப் பார்க்காமல் வாங்க முடியாது என்றார். சரி என்று எத்தியேன் அதில் பனிவீசியை மாட்டி, ஒரு மழை நாளில் மேட்டுத் தெருவுக்கே கொண்டுவந்தான். இருப்பதிலேயே செங்குத்தான வாசல்பாதையில் மார்லேன் பின்னுக்கு இறங்கத் தொடங்கியதும், பின்னால் தொங்கிய இரும்பின் கனத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு மெல்ல எழும்பின.

"பாத்தியா?" என்றார் கிளெமான், வெற்றிக் குரலில். "ஆட்டுக்குட்டி மாதிரி காலைத் தூக்குது."

மார்லேன் இறங்கி வந்து முன்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். "முன்னால இரும்புக் கட்டை மாட்டினா அடங்கிடும். எடையைக் கூட்டிக்கலாம் கிளெமான். கண்ணைக் கூட்ட முடியுமா?"

வாக்குக் கொடுத்தாயிற்று. வாங்கினார்.

அக்டோபரில், பனி மூடினாலும் ஓரம் தெரியும்படி வாசல்தோறும் அடையாளக் குச்சிகள் நடும் வேலை முடிந்த பிறகு, ஊர் முனையிலிருக்கும் சாப்பாட்டுக் கடையில் எல்லா ஓட்டுநர்களும் கூடியிருந்தார்கள். மொச்சை சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. நோர்மான் ஃபிலியோன் உள்ளே வந்ததும் வராததுமாக, "கிளெமான், புல்லு வெட்டற மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கியாமே," என்றார். "பனி பெஞ்சா எங்க, கேரேஜுக்குள்ள ஓட்டுவியா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். கிளெமான் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வாங்கச் சொன்னது அது," என்றாள் மார்லேன். "கேக்கறதை என்கிட்ட கேளு, நோர்மான்."

"உன்கிட்ட என்னத்தக் கேக்க? என்கிட்ட வந்திருந்தா ராணி மாதிரி ஒரு வண்டி குடுத்திருப்பேன்."

"ராணிக்கு முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாது. எனக்குத் தெரியணும்."

சிரிப்பு இந்தப் பக்கம் திரும்பியது. ஆனாலும் கிளெமான் அன்று அவளோடு பேசாமல்தான் வீட்டுக்குப் போனார். அவள் மனதில் அது முள்ளாகத் தைத்தது. கேலி செய்தவரைவிடத் தலைகுனிந்தவர் மேல்தான் அவளுக்கு வருத்தம் வந்தது.

முதல் பனி பெய்தபோது செம்மண் டிராக்டர் அப்படியொன்றும் சாதித்துவிடவில்லை. நகராட்சியின் பனி ஒதுக்கும் கலப்பை வண்டி தெருவைத் துடைத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வாசலையும் அடைத்துக் கெட்டிப் பனிச்சுவர் ஒன்றை எழுப்பிவிட்டுப் போகும். பெரிய டிராக்டர் அதை ஒரே மூச்சில் தின்றுவிடும். இதற்கு இரண்டு தடவை போகவேண்டியிருந்தது. தாமதமாகிறது என்று ஒரு வீட்டுக்காரர் கிளெமானுக்குப் போன் செய்தார். "நான் சொன்னேன்ல," என்றார் கிளெமான். மார்லேன் மறுக்கவில்லை. "அந்த ஒரு இடத்துல இது சின்னதுதான். ஒத்துக்கறேன்," என்றாள். ஆனால் டிசம்பருக்குள் வண்டியும் அவளும் பழகிவிட்டார்கள். குறுகின திருப்பங்களில் அது ஒரே வளைவில் திரும்பியது. முன்னால் மாட்டிய இரும்புக் கட்டைகள் அதைத் தரையோடு பிடித்துக்கொண்டன. விடிந்து வீட்டுக்கு வரும்போது கழுத்து வலித்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. வாசலில் நுழையும்போது மூச்சைப் பிடிக்கும் பழக்கம் எப்போது போனதென்று அவளே கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் அந்தப் பெரும் புயல் வந்தது. முதல் நாள் முழுக்கப் பெய்தது. மறுநாள் பள்ளிகள் மூடிக் கிடந்தன. நண்பகலில் காற்று ஓய்ந்து, வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. மார்லேன் மூன்றாவது சுற்றில் இருந்தாள். ஆனூக் என்ற இளம் தாயின் வீடு ஒரு வளைவில் இருக்கிறது. அங்கே வாசலுக்குள் திரும்ப வேண்டுமென்றால், ஓரத்துப் பனிமேட்டின் மேல் பின்சக்கரத்தைக் கொஞ்சம் ஏற்றித்தான் திருப்ப முடியும். குளிர்காலம் முழுக்க அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

ஆசனத்தைச் சுழற்றிப் பின்னுக்கு எடுத்தாள். சக்கரம் மேட்டைத் தொடப்போன நேரத்தில், கண்ணாடியின் கீழ் மூலையில், மேட்டின் அடிவாரத்தில் நீலமாக ஒரு நிழல் தெரிந்தது. பனியில் பள்ளம் விழுவது புதிதல்ல. காற்று அறுத்த பள்ளத்துக்கு விளிம்பு மழுங்கியிருக்கும். இந்த விளிம்பு கரண்டியால் வழித்தது போல வட்டமாக இருந்தது.

அவள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் போய் மண்டியிட்டு அந்த வட்டத்துக்குள் பார்த்தாள். இருட்டு.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

பதிலில்லை. பிறகு யாரோ யாரையோ "உஷ்ஷ்" என்று அடக்கும் சத்தம். பிறகு அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு.

ஆனூக்கின் இரண்டு பெண்கள் பனிமேட்டைக் குடைந்து வீடு கட்டியிருந்தார்கள். மூத்தவளுக்கு ஏழு வயதிருக்கும். உள்ளே ஒரு கம்பளியை விரித்துப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். டிராக்டர் சத்தம் கேட்டிருக்கிறது. சத்தம் போடாமல் இருந்தால் அது தங்களைக் கண்டுபிடிக்காமல் போய்விடும் என்று இருந்துவிட்டார்கள்.

"எங்க வீட்டை இடிச்சிடாதீங்க," என்றாள் சின்னவள், தலையை மட்டும் வெளியே நீட்டி.

"இடிக்க மாட்டேன் கண்ணு," என்றாள் மார்லேன். "முதல்ல வெளிய வாங்க. அக்கா, தங்கச்சியோட கையைப் பிடிச்சுக்கோ. இன்னும் யாராவது உள்ள இருக்காங்களா?"

"கரடி இருக்கு."

"கரடியையும் கூட்டிட்டு வா."

இருவரும் பொம்மைக் கரடியோடு வெளியே வந்து நின்றார்கள். மார்லேன் டிராக்டரின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆனூக் கோட்டுகூடப் போடாமல் செருப்போடு ஓடி வந்தாள். பனிமேட்டையும், ஓட்டையையும், அதற்கு ஒரு முழம் தள்ளி நின்ற சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பெண்களை அணைத்துக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்தாள்.

"பின்பக்கத்துலதான் விளையாடிட்டு இருந்தாங்க. நான் இப்பத்தான்... ரெண்டு நிமிஷம்தான்..."

"தெரியும்மா," என்றாள் மார்லேன். "திட்டாத அவங்களை. வீட்டைப் பின்பக்கம் கட்டிக்கச் சொல்லு. ரோட்டோரம் வேணாம்."

டிராக்டரிலிருந்த ஒயர்லெஸ் ரேடியோவில் கிளெமானைக் கூப்பிட்டு, "எனக்குக் கொஞ்சம் லேட்டாகும்," என்றாள். ஏன் என்று கேட்டார். சொன்னாள். சிறிது நேரத்தில் அவருடைய வேன் தெருவில் ஏறி வந்து நின்றது.

கிளெமான் நேரே பனிமேட்டின் அருகில் போய் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு டிராக்டரில் ஏறி, ஆசனத்தைச் சுழற்றி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். இறங்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தப் பெரிசை வாங்கியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம். சொல்லாத."

அவர் தலையசைத்தார். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, "மார்லேன், நான் இத்தனை வருஷமா வண்டியை வெளியிலேர்ந்தே பாத்துருக்கேன்," என்றார். "மிச்சத்தை நான் முடிச்சுக்கறேன், நீ வீட்டுக்குப் போ."

"நல்லாருக்கே. உனக்கு இந்தத் தெருவுல திரும்பத் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்தாள். ஏறி உட்கார்ந்து எஞ்சினை உயிர்ப்பித்தபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. குழந்தைகள் பிழைத்தது கடவுள் புண்ணியம், அதில் அவள் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் இந்த ஆசனம், இந்தக் கண்ணாடி, இந்த உயரம் எல்லாம் அவள் கேட்டு வாங்கியவை. ஊர் சிரித்தபோது விட்டுக்கொடுக்காதவை. அன்று மாலை வரை அவள் மேட்டுத் தெருவின் ஒவ்வொரு வாசலையும் சீவி எடுத்தாள். ஒரு வாசலில்கூடப் புல் பெயரவில்லை, ஒரு குச்சிகூடச் சாயவில்லை. வேலையில் அத்தனை அழகு இருக்கிறதென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனூக் சொன்னாள். கிளெமான் அதைவிட அதிகமாகச் சொன்னார். சாப்பாட்டுக் கடையில் தான் குந்தி எழுந்த கதையை அவரே நடித்துக் காட்டினார். "எனக்கே தெரியாத என் வழுக்கையைக் கண்டுபிடிச்சவ," என்று அவர் சொல்லும்போது, ஒரு காலத்தில் எஞ்சின் பவரைச் சொல்லும்போது இருந்த அதே மிடுக்கு அவர் குரலில் இருந்தது.

ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிய ஏப்ரலில், நோர்மான் ஃபிலியோன் சாப்பாட்டுக் கடையில் மார்லேனின் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு வண்டி மாத்தணும்," என்றார். "சனிக்கிழமை கடைக்கு வர்றியா? நீ எதைக் கைகாட்டறியோ அதை வாங்கிக்கறேன்."

அடுத்த மேசையில் பேச்சு நின்றுவிட்டது. மார்லேன் காப்பியை மெதுவாகக் குடித்தாள். அந்த அமைதியை அவள் ரசித்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

"வர்றேன். ஆனா நான் கைகாட்ட மாட்டேன். ஓட்டறவங்களைக் கூட்டிட்டு வா."

"அவனுங்களுக்கு என்ன தெரியும்?"

"அதைத்தான் கிளெமானும் கேட்டான்."

சனிக்கிழமை ஃபிலியோனின் ஓட்டுநர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் டானி கம்பம் மாதிரி உயரம். முதலாளி கூட நிற்பதால் வாய் திறக்கக் கூச்சப்பட்டு நின்றான். எத்தியேன் இந்தத் தடவை யாருக்கும் கைகொடுக்கும் முன் மார்லேனுக்குக் கைகொடுத்தான். அவளுடையது மாதிரியே ஒரு செம்மண் டிராக்டரைத் தயாராகத் துடைத்து வைத்திருந்தான். டானி ஏறினான். ஏறின வேகத்தில் தலை கூரையில் இடித்தது. திரும்பியபோது முழங்கால் ஸ்டீயரிங்கில் மாட்டிக்கொண்டது.

"நல்லா இருக்கு," என்றான், முதலாளியைப் பார்த்தபடி.

"பொய் சொல்லாத," என்றாள் மார்லேன். "அது எனக்கு நல்லா இருக்கற வண்டி. இறங்கு."

ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்கச் சொன்னாள். ஃபிலியோன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதி முற்றம் முடிந்ததும் பொறுமையிழந்து, "சரி, முடிவா எதை வாங்கட்டும்? நீயே சொல்லித் தொலையேன்," என்றார்.

"அவனைக் கேளு."

ஃபிலியோன் டானியின் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் அவனை ஏதாவது கேட்டிருப்பாரா என்பது சந்தேகம். கேட்டார். டானியின் காது மடல்கள் சிவந்தன. ஆனால் அவன் முதுகு நிமிர்ந்தது.

"அந்த மூணாவது வண்டி," என்றான். "அதுல இன்னொரு தடவை உக்காந்து பாக்கணும். நீங்க போய்ப் பின்னால நில்லுங்க."

ஃபிலியோன் மார்லேனைப் பார்த்தார். மார்லேன் வேறெங்கோ பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, மூன்றாவது டிராக்டரை நோக்கி நடந்தார்.